ஊர் கூடிப் பிரஷரைப் பார்ப்பது: வயசானவர்களின் குருதியமுக்கம் பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. முதியோர் சங்கத்தில் மாதம் இரண்டு சனிக்கிழமை பல்நோக்கு மண்டபத்தைத் திறந்து, அறுபது தாண்டியவர்களுக்குப் பிரஷர் அளந்து கொப்பியில் எழுதிக் கொடுக்கிறோம். நான் டொக்டரும் இல்லை, நேர்ஸும் இல்லை. முறையாக அளக்கப் பழகிய தொண்டர்களில் ஒருத்தி. மண்டபத்திலும் வீட்டு வாசலிலும் ஃபோனிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைத்தால், வாகரையிலிருந்து பொத்துவில் வரை இதே வேலையைத் தொடங்க நினைப்பவர்களுக்கு உதவும். மருந்து பற்றிய எந்த முடிவும் உங்கள் டொக்டருடையது. இதை வாசித்துவிட்டு யாரும் தாங்களாகக் குளிசையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

மாதாமாதம் கிளினிக் போகிறோம், மருந்து தருகிறார்கள். இதில் ஊர்ச் சங்கத்துக்கு என்ன வேலை?

கிளினிக்குக்கு மாதம் ஒரு நாள். மிச்சம் இருபத்தொன்பது நாளும் பிரஷர் உங்களோடு வீட்டில்தான் இருக்கிறது. குளிசை மறந்து போவதும், கருவாட்டுக் கறி கொதிப்பதும், "இப்ப நல்லாத்தானே இருக்கு" என்று மருந்தை நிறுத்துவதும் அந்த நாட்களில்தான். கிளினிக்கில் ஒரு டொக்டருக்கு முன்னால் அத்தனை பேர் வரிசையில் இருக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். அந்த நிமிடத்துக்குள் அவர் பார்ப்பது ஒரே ஒரு இலக்கம், அதுவும் நாலரை மணிக்கு எழும்பி, பஸ் பிடித்து, நம்பர் எடுத்து, பசியோடு குந்தியிருந்த ஆளுடைய இலக்கம்.

இது என் அபிப்பிராயம் மட்டுமில்லை. வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளிலும் 30 கிராமப்புறப் பகுதிகளில், நாற்பது வயது தாண்டிய 2,645 பேரை இரண்டு வருடம் பின்தொடர்ந்த கோப்ரா-பிபிஎஸ் ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. அதில் பெரிய இயந்திரம் எதுவும் இல்லை, புது மருந்தும் இல்லை. அரசாங்கச் சுகாதார ஊழியர்களையே பழக்கி, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அளந்தார்கள், இருந்து பேசினார்கள், கூடுதலாக இருந்தவர்களை டொக்டரிடம் அனுப்பினார்கள், டொக்டர்மாரும் அதற்கென்று தயாராக்கப்பட்டிருந்தார்கள். அந்த ஊர்களில் மேல் இலக்கம் (140/90 என்றால் அந்த 140) சராசரியாக 9 இறங்கியது. வழமைபோல விட்ட ஊர்களில் 3.9 தான். ஐந்து வித்தியாசம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் மேல் இலக்கம் 10 இறங்கினால் பாரிசவாதம் (பக்கவாதம்) கிட்டத்தட்ட 27 சதவீதம் குறைகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு இருக்கிறது. ஒரு ஊருக்கே அந்த ஐந்து இறங்கினால் எத்தனை பேர் படுக்கையில் விழாமல் தப்புவார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

வயசானால் பிரஷர் கூடத்தானே செய்யும், அதை ஏன் நோயாக்குகிறீர்கள்?

கூடும், உண்மை. இளமையில் ரப்பர் குழாய் மாதிரி நெளியும் நாடிகள் வயசு போகப் போக விறைக்கின்றன. அதனால் மேல் இலக்கம் ஏறும், கீழ் இலக்கம் அப்படியே நிற்கும், சிலருக்கு இறங்கவும் செய்யும். 164/78 என்று எழுதிக் கொடுத்தால் "கீழே நல்லாத்தானே இருக்கு" என்று சந்தோசமாகப் போகிறவர்கள் நிறையப் பேர். வயசானவர்களில் மூளைக்கும் இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்தைச் சொல்வது பெரும்பாலும் அந்த மேல் இலக்கம்தான். நரை விழுவதும் வயசோடு வருவதுதான், ஆனால் நரை ஆளைப் படுக்கையில் போடாது.

எனக்கு ஒன்றும் செய்யவில்லை. தலைச்சுற்று இல்லை, தலையிடி இல்லை. பிறகெதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். உயர் குருதியமுக்கம் பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன கணக்குப்படி உலகத்தில் 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு இது இருக்கிறது, அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. உடம்பு சொல்லும் என்று காத்திருந்தால் அது முதன்முதலாகச் சொல்வது வாய் கோணும்போதாக இருக்கலாம். அளந்தால்தான் தெரியும், வேறு வழி இல்லை.

மெசினில் ஒவ்வொரு முறையும் வேறு வேறு நம்பர் வருகிறதே, எதை நம்புவது?

பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அது இயல்பு. ஆனால் நாங்கள் பார்க்கும் வித்தியாசத்தில் பாதி, அளக்கிற விதத்தில் விடுகிற பிழையால் வருவது.

ஒரு சனிக்கிழமை ஒரு ஐயா வயலால் நேராகச் சைக்கிளில் வந்தார். வேர்வை காயவில்லை, வாயில் வெற்றிலை, "கெதியா அளந்து விடு மகள், மாடு அவிழ்க்கோணும்" என்று கையை நீட்டினார். அளந்தால் 178/96. பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்துப் பதறிவிட்டார்கள். அவரைச் சாய்மானக் கதிரையில் இருத்தி, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, சலம் கழித்துவிட்டு வரச் சொல்லி, ஐந்து நிமிடம் யாரும் அவரோடு கதைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்ப அளந்தோம். 152/88. இன்னும் ஒரு தடவை, 150/86. இப்போதும் கூடுதல்தான், கிளினிக்கில் காட்ட வேண்டியதுதான்; ஆனால் முதல் இலக்கத்தை எழுதி அனுப்பியிருந்தால் அவருக்குத் தேவைக்கு மேல் மருந்து போயிருக்கும், ஒரு விடியற்காலை எழும்பும்போது தலை சுற்றி விழுந்திருப்பார்.

அதனால் நாங்கள் பிடித்துக்கொண்டிருக்கும் ஒழுங்கு இது. அளப்பதற்கு அரை மணித்தியாலத்துக்குள் தேத்தண்ணி, கோப்பி, பீடி, வெற்றிலை எதுவும் இல்லை. சலப்பை நிறைந்திருந்தாலும் இலக்கம் ஏறும், அதைப் பலர் நினைப்பதில்லை. முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் நிலத்தில் பட வேண்டும், கால் மேல் கால் கூடாது. கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வைக்க வேண்டும், பட்டியைச் சட்டைக்கு மேலால் சுற்றக் கூடாது. கதை கூடவே கூடாது, அளக்கிறவரும் சேர்த்துத்தான். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, கூடுதலாகக் காட்டிய கையில் அடுத்த முறையிலிருந்து அளக்கலாம். பருத்த கைக்குச் சின்னப் பட்டியைக் கட்டினால் இலக்கம் பொய்யாக ஏறும். ஆகவே பெரிய பட்டி ஒன்றும் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

மணிக்கட்டில் கட்டும் சின்ன மெசின் போதாதா?

மேல் கையில் கட்டுவதையே வாங்குங்கள். மணிக்கட்டு மெசினில் கை கொஞ்சம் ஏறி இறங்கினாலும் இலக்கம் மாறிவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது உங்கள் மெசினை ஆஸ்பத்திரி மெசினோடு வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பற்றரி இறங்கினாலும் பிழைக்கும்.

எந்த இலக்கத்துக்கு மேல் பயப்பட வேண்டும்?

கிளினிக்கில் அளந்து 140/90 அல்லது அதற்கு மேல், வெவ்வேறு நாட்களில் திரும்பத் திரும்ப வந்தால் உயர் குருதியமுக்கம் என்பார்கள். வீட்டில் ஆறுதலாக அளப்பதற்கு 135/85 என்று கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் இலக்கத்தை வைத்து யாரும் நோயாளி ஆவதில்லை. கிளினிக் போவதற்கு முந்திய ஒரு கிழமை காலையும் பின்னேரமும் இரண்டிரண்டு தடவை அளந்து எழுதிக் கொண்டு போனால், அந்தத் தாள் டொக்டருக்கு ஒரு மாதக் கதையைச் சொல்லும்.

எவ்வளவுக்கு இறக்க வேண்டும் என்பது ஆளுக்கு ஆள் வேறு. திடமாக நடமாடும் 66 வயசுக்காரரையும், தடி பிடித்து நடக்கும் 84 வயசுக்காரரையும் ஒரே இலக்குக்கு இழுக்க மாட்டார்கள். உங்களுடைய இலக்கு என்ன என்று டொக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதைக் கேட்கவே பலர் வெட்கப்படுகிறார்கள்.

எங்கள் பெத்தாவுக்கு 82. இந்த வயசில் இனி மருந்து குடித்து என்ன வரப் போகிறது?

முன்னர் டொக்டர்மார் மத்தியிலும் இந்தச் சந்தேகம் இருந்தது. எண்பது தாண்டிய 3,845 பேரை வைத்துச் செய்த ஹைவெட் ஆய்வு 2008இல் வெளிவந்த பிறகு நிலைமை மாறியது. மருந்து எடுத்தவர்களில் மரணம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, இதயம் தளர்ந்து போவது பாதிக்கு மேல் குறைந்தது. அவர்கள் இறக்கப் பார்த்தது 150/80 வரைக்கும்தான், அதற்கும் கீழே விரட்டவில்லை.

ஆனால் பெத்தாவுக்கு ஒரு விசயம் கூடுதலாகப் பார்க்க வேண்டும், எழும்பி நிற்கும்போது பிரஷர் விழுகிறதா என்று. இருந்தபடி அளங்கள், பிறகு பிடித்துக்கொண்டு எழும்பச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் நின்றபடி அளங்கள். மேல் இலக்கம் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் எழுதி டொக்டரிடம் கொடுங்கள். இரவு சலம் கழிக்க எழும்பி, இருட்டில், முற்றத்துக் கக்கூசுக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்கள் எங்கள் ஊரிலும் இருக்கிறார்கள். கட்டிலில் கொஞ்ச நேரம் குந்தியிருந்து, காலை ஆட்டிவிட்டு எழும்பப் பழக்குங்கள். வழியில் ஒரு சின்ன லைட்டைப் போட்டு வையுங்கள்.

நம்பர் சரியாகிவிட்டது. குளிசையை நிறுத்தலாமா?

சரியாக இருப்பது குளிசையால். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்கு நாட்களிலோ கிழமைகளிலோ திரும்ப ஏறிவிடும். இடம்பட விளக்கிவிட்டேன் என்று நினைப்பேன், அடுத்த சனிக்கிழமை அதே ஆள் அதே கேள்வியோடு வருவார். அதனால் இப்போது மழைக்குக் குடை பிடித்த கதையாகச் சொல்கிறேன்: நனையவில்லை என்பதற்காக மழைக்குள் குடையை மடக்குவீர்களா?

வீட்டில் நாலு வகைக் குளிசை இருக்கிறது. எது எதற்கென்றே தெரியவில்லை.

இந்தக் குழப்பம் அனேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. ஒரு அம்மாவின் வீட்டுக்குப் போனபோது பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே ஆஸ்பத்திரியில் மடித்துக் கொடுத்த கடதாசிப் பைகள், மேலே பேனையால் எழுதிய மருந்தின் பெயர் ஈரம் பட்டுக் கலைந்துபோயிருந்தது. கூடவே பாமசியில் வாங்கிய இரண்டு பட்டை, போன வருடக் குளிசையில் மிச்சம், மகள் சவூதியிலிருந்து அனுப்பிய விற்றமின். கடதாசிப் பையில் இருந்ததும் ஒரு பட்டையில் இருந்ததும் அம்லோடிபின் என்ற ஒரே பிரஷர்க் குளிசை. ஒருதடவை ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து வெளியில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், பிறகு ஆஸ்பத்திரியிலும் வந்துவிட்டது, அம்மா இரண்டையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. "வயசால வந்த வீக்கம் கா" என்றார். அடுத்த கிளினிக் வரை காத்திராமல், டின்னையே பையில் போட்டு மறுநாள் டொக்டரிடம் கூட்டிப் போனோம்.

இதிலிருந்து நாங்கள் படித்தது: கிளினிக் போகும்போது கொப்பியோடு, வீட்டில் இருக்கும் எல்லாக் குளிசையையும் கட்டிக் கொண்டு போக வேண்டும். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது வெளியில் வாங்கியும், பெயர் மாற்றி வாங்கியும் பழகியதில் வீட்டில் சேர்ந்த மிச்சங்கள் இன்னும் இருக்கலாம், தேடிப் பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பையில் சூரியன் ஒன்றும் பிறை ஒன்றும் கீறிக் கொடுக்கிறோம். தரம் 6 படிக்கும் பேரப்பிள்ளைகள் இதில் மிகவும் கெட்டிக்காரர்கள்.

குளிசையால் இருமல் வருகிறது, சலம் அடிக்கடி போகிறது. நிறுத்திவிட்டுக் கசாயம் குடிக்கலாமா?

எனலப்ரில் சிலருக்கு விடாத வறட்டு இருமல் தரும். அம்லோடிபின் கணுக்காலை வீங்க வைக்கலாம். சலம் போகும் குளிசை பெயருக்கேற்றபடி சலம் போகச் செய்யும், அதைப் பின்னேரம் எடுக்காமல் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். இதெல்லாம் டொக்டருக்குத் தெரிந்த விசயங்கள், மாற்று மருந்து இருக்கிறது. சொல்லாமல் நிறுத்துவதுதான் பிழை. இருமல் என்று சொன்னால் மாற்றித் தருவார்கள், நிறுத்திவிட்டு "குடிக்கிறன்" என்று பொய் சொன்னால் மருந்து போதவில்லை என்று நினைத்துக் கூட்டித் தருவார்கள்.

நாட்டு மருந்தை நான் பழிக்கவில்லை, பரியாரி வீட்டுக்குப் போகாத குடும்பம் இந்தப் பக்கம் ஏது? ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதிமதுரம் தொடர்ந்து குடித்தால் பிரஷரைக் கூட்டும், உடம்பில் பொட்டாசியத்தையும் குறைக்கும். இருமலுக்குக் குடிக்கும் கசாயத்தில் அது அடிக்கடி சேரும். அதேபோல முழங்கால் வலிக்குப் பாமசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிக் குளிசைகளும் பிரஷரைக் கூட்டும், சிறுநீரகத்தையும் தாக்கும். பிரஷர் திடீரென்று ஏறிய ஒருவரிடம் நான் முதலில் கேட்பது, "ஐயா, கால் வலிக்கு ஏதும் எடுத்தீங்களா?" என்பதுதான்.

உப்பைக் குறை என்கிறீர்கள். உப்பில்லாமல் எப்படிச் சோறு இறங்கும்?

ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டி, அதற்குள் பாணில் இருப்பதும் கருவாட்டில் இருப்பதும் அடங்கும். இதை மனசில் வைத்துச் சமைக்க யாராலும் முடியாது. ஆகவே நாங்கள் ஒரு வேலை செய்தோம். உப்புப் பக்கெட்டை உடைக்கும் நாளில் அதன் மேலேயே பேனையால் திகதி எழுதச் சொன்னோம். நாலு பேர் உள்ள வீட்டில் ஒருவருக்கு 5 கிராம் என்றால் 400 கிராம் பக்கெட் இருபது நாள் வர வேண்டும். ஒரு வீட்டில் பதின்மூன்றாம் நாளே முடிந்திருந்தது. அந்த வீட்டுக்கார அம்மாவுக்கு நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திகதியைப் பார்த்து அவரே நெற்றியில் கை வைத்தார். அடுத்த பக்கெட் பதினெட்டு நாள் வந்தது.

கருவாட்டைச் சுடுதண்ணியில் ஊறவைத்து அந்தத் தண்ணியை ஊற்றிவிட்டுச் சமைத்தால் உப்பு ஓரளவு போகும், ஆனால் தினமும் கருவாடு என்றால் அதுவும் காணாது. மாசிச் சம்பல், ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கடை ரோல்ஸ், சூப்புக் கட்டி இவைதான் தெரியாமல் உப்பை ஏற்றுகிறவை. தேங்காய்ச் சம்பலுக்கு உப்பைப் பாதியாக்கித் தேசிக்காயைக் கூடப் பிழிந்து, சின்ன வெங்காயத்தையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று கிழமையில் நாக்கு பழகிவிடும். ஒரு வீட்டில் வயசானவருக்கு மட்டும் தனிக் கறி வைப்பதை நான் ஏற்கவில்லை. அது அவரைத் தண்டிக்கிற மாதிரி இருக்கும், அவர் களவாக அடுத்த சட்டியில் எடுத்துச் சாப்பிடுவார். முழு வீட்டுக்கும் குறையுங்கள். சடங்குச் சாப்பாட்டுக்கும் சங்கக் கூட்டத்துச் சிற்றுண்டிக்கும் சமைக்கிறவர்களிடமும் சொல்லிவைக்கலாம். எங்கள் மாதர் சங்கத்தினர் கூட்டத்துக்கு ரோல்ஸ் போடுவதை விட்டு அவித்த கௌபியும் தேங்காய்ப்பூவும் வைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பொட்டாசியம் கலந்த உப்பு விற்கிறார்களாமே, நல்லதா?

நல்லது என்பதற்குப் பெரிய ஆதாரம் இருக்கிறது. சீனாவில் 600 கிராமங்களில், முன்பே பாரிசவாதம் வந்தவர்களும் அறுபது தாண்டிய பிரஷர்காரர்களுமாக 20,995 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வந்தது. முக்கால் பங்கு சாதாரண உப்பு, கால் பங்கு பொட்டாசியம் குளோரைட் கலந்த உப்பைப் பாவித்த ஊர்களில் பாரிசவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும், லொசார்டன், எனலப்ரில், ஸ்பைரோனொலக்டோன் என்ற குளிசைகளை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தேங்கி இதயத்துக்கு ஆபத்தாகலாம். சிறுநீரக நோய் தெரியாமலே இருப்பவர்கள் நம் உலர் வலயத்தில் குறைவில்லை. டொக்டரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம், சங்கமாகச் சேர்ந்து எல்லோருக்கும் பகிரவே வேண்டாம்.

வெற்றிலை வட்டாவையும் எடுத்துவிடச் சொல்வீர்களா?

வட்டா இருக்கட்டும், புகையிலை வேண்டாம். புகையிலையின் நிக்கொட்டின் பிரஷரையும் இதயத் துடிப்பையும் ஏற்றும், வாய்ப் புற்றுநோய் வேறு. பாக்கும் அதற்குக் காரணம்தான், அதையும் குறைத்தால் நல்லது. சாராயம், கசிப்பு இரண்டும் பிரஷரைக் கூட்டும், மருந்தையும் மறக்க வைக்கும்.

நோன்பு, விரதம், கதிர்காம யாத்திரை வரும்போது குளிசையை என்ன செய்வது?

விட்டுவிடக் கூடாது, நேரத்தை மாற்றலாம், ஆனால் முன்கூட்டியே. காத்தான்குடியிலும் கல்முனைப் பக்கமும் இருக்கும் நம் ஆட்கள் றமழானுக்கு ஒரு மாதம் முந்தியே கிளினிக்கில் கேட்டுவிடுவது நல்லது. ஒரு நாளைக்கு ஒரு குளிசை என்றால் பெரும்பாலும் நோன்பு திறந்த பிறகோ ஸஹரிலோ எடுக்க ஒழுங்கு செய்து தருவார்கள். இரண்டு மூன்று வேளை மருந்து உள்ளவர்களுக்கும், சலம் போகும் குளிசை எடுப்பவர்களுக்கும் டொக்டர் தனியாகத் தீர்மானிக்க வேண்டும். கந்தசஷ்டி விரதத்துக்கும் இதே கதைதான். தண்ணி குடித்து மருந்து எடுத்தால் விரதம் முறியாது என்று எங்கள் கோயில் ஐயரே அறிவித்தார், அதன் பிறகு ஆச்சிமார் என்னைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்கள்.

உகந்தை வழியாகக் காட்டுப்பாதையில் கதிர்காமம் நடக்கிறவர்கள் முழு நாட்களுக்கும் மருந்தை எடுத்து, தண்ணி புகாத பையில் வைத்து, கூட வரும் ஒருவரிடமும் ஒரு பகுதியைக் கொடுத்து வையுங்கள். வெயிலில் வேர்த்து நடக்கும்போது பிரஷர் விழவும் கூடும். போக முன் ஒருதடவை டொக்டரைப் பாருங்கள்.

வெள்ளம் வந்து பாதை அடைபட்டால்?

கார்த்திகை, மார்கழி, தை எங்களுக்குத் தெரிந்த மாதங்கள்தானே. ஐப்பசியிலேயே கிளினிக் கொப்பியையும் குறைந்தது இரண்டு கிழமைக் குளிசையையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி, அடையாள அட்டையோடு உயரத்தில் தொங்கவிடுங்கள். எங்கள் சங்கத்தில் யார் யாருக்கு என்ன மருந்து என்ற பட்டியலின் பிரதி ஒன்று கிராம சேவகரிடமும் இருக்கிறது, அவரவர் சம்மதத்தோடு. 2020 ஊரடங்கில் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினார்கள், அப்போது விலாசமும் ஃபோன் நம்பரும் சரியாக இருந்தவர்களுக்குத்தான் சிக்கல் குறைவாக இருந்தது.

மண்டபத்தில் அளக்கும்போது 190 வந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் பதறாதீர்கள், அவரையும் பதற வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் இருத்தித் திரும்ப அளங்கள். இரண்டாம் தடவையும் மேல் 180 அல்லது கீழ் 120 தாண்டி, நெஞ்சு நோவு, மூச்சு வாங்கல், பார்வை மங்கல், கடும் தலையிடி, வாய் கோணல், கை கால் விழுதல், பேச்சுக் குழறல் இவற்றில் ஏதாவது ஒன்றும் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல் இருந்தால் பிரஷர் இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டாம், உடனே கூப்பிடுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை எழுதிக் கையில் கொடுத்து விடுங்கள். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக முதல் நாலரை மணித்தியாலத்துக்குள்தான். அந்த அறிகுறிகள் இல்லாமல் இலக்கம் மட்டும் கூடவென்றால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள்.

நாக்குக்குக் கீழே குளிசை வைத்துச் சட்டென்று இறக்குவதை யாரும் செய்ய வேண்டாம். வேகமாக இறங்கினால் மூளைக்கு இரத்தம் போதாமல் போகும்.

ஆண்கள் வருவதே இல்லையே?

எங்களுக்கும் முதல் ஆறு மாதம் மண்டபம் முழுக்கப் பெண்கள்தான். ஆண்கள் வரவில்லை என்றால் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியதுதான். அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் 52 முடிவெட்டும் கடைகளில் இதைச் செய்து பார்த்தார்கள். கறுப்பின ஆண்களைச் சலூன்காரர் பேசி இணங்க வைப்பதும், மருந்தாளர் கடைக்கே வந்து அளந்து, டொக்டரோடு பேசி மருந்து ஒழுங்கு செய்வதுமாக நடந்தது. ஆறு மாதத்தில் மேல் இலக்கம் 27 இறங்கியது. சலூன்காரர் புத்தி மட்டும் சொல்லி அனுப்பிய கடைகளில் 9 சொச்சம். 2018இல் வந்த முடிவு இது. புத்தி சொல்வதும் பலன் தருகிறது, மருந்து கைக்கு எட்டினால் பலன் மூன்று மடங்காகிறது என்று நான் இதை வாசிக்கிறேன். நாங்கள் பின்னேரம் வாவிக்கரையில் வள்ளம் கரையேறும் இடத்துக்கும், சந்தித் தேத்தண்ணிக் கடைக்கும் மெசினைக் கொண்டு போகிறோம். இலக்கத்தைச் சத்தமாக வாசிக்க மாட்டோம், எழுதி மடித்துக் கொடுப்போம். "அவருக்கு இருநூறாம்" என்று சந்தியில் பேச்சு வந்தால் அந்த ஆள் மறுபடி கை நீட்ட மாட்டார்.

எங்கள் ஊரில் தொடங்க யாரிடம் போக வேண்டும்?

முதலில் உங்கள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு. அவர்களுக்குத் தெரியாமல் தொடங்காதீர்கள். அளப்பதைப் பழக்குவதும், கூடுதலாக இருப்பவரை எங்கே அனுப்புவது என்று சொல்வதும் அவர்கள்தான். 2011இலிருந்து நாடு முழுக்கத் திறக்கப்பட்ட ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் 35 வயது தாண்டிய யாரும் இலவசமாகப் பிரஷர், சீனி பார்க்கலாம், உங்கள் ஆஸ்பத்திரியில் எந்த நாள் என்று கேளுங்கள். குடும்பநல மாதுக்குத் தாய்மார், பிள்ளைகள் வேலையே தலைக்கு மேல் இருக்கிறது, எல்லாவற்றையும் அவர் தலையில் கட்ட வேண்டாம். முதியோர் சங்கம் இருந்தால் அதற்குள்ளேயே செய்யுங்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கிராம மட்டத்தில் அப்படி ஒரு அமைப்பு பல இடங்களில் இருக்கிறது. இல்லாவிட்டால் மரணாதாரச் சங்கம், கோயில் சபை, பள்ளிவாசல் நிர்வாகம் எதுவானாலும் சரி.

தொண்டர்கள் செய்யக் கூடியது அளப்பது, எழுதுவது, நினைவூட்டுவது, கூட்டிப் போவது. மருந்தின் பெயரைச் சொல்லி "இதைக் குடியுங்கள்" என்று வாய் திறக்கக் கூடாது, எவ்வளவு தெரிந்திருந்தாலும்.

நடக்க முடியாதவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் உள்ளவர்கள்?

இவர்களுக்காகத்தான் நாங்கள் இந்த வேலையை விடாமல் செய்கிறோம். யானைக்குப் பயந்து விடியற்காலை பஸ்ஸுக்குப் போக முடியாதவர்கள் இருக்கிறார்கள், மகளைக் கட்டாருக்கு அனுப்பிவிட்டு மூன்று பேரப்பிள்ளைகளைப் பார்ப்பதில் தன் கிளினிக் நாளையே மறந்தவர்கள் இருக்கிறார்கள். ஊரைத் தெருத் தெருவாகப் பிரித்து, ஒரு தொண்டருக்கு ஆறு வீடு, அதற்கு மேல் இல்லை என்று வைத்திருக்கிறோம். கிளினிக்குக்கு முந்திய நாள் பின்னேரம் ஒரு எட்டுப் போய் ஞாபகப்படுத்துவது, நாலைந்து பேரை ஒரே ஓட்டோவில் ஏற்றிக் காசைப் பங்கிடுவது, படுக்கையில் இருப்பவருக்குப் பதிலாக வீட்டார் மருந்து எடுக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டு வைப்பது, எல்லாம் சின்ன வேலைகள்தான்.

ஒரு பெத்தாவின் கொப்பியை அவருடைய பேரன் அளக்கும் சனிக்கிழமைகளில் படம் பிடித்துக் கட்டாருக்கு அனுப்புகிறான். போன தடவை நான் 138/76 என்று எழுதி முடிக்க முன்பே ஃபோன் அடித்தது. "இந்தக் கிழமை குளிசை எத்தனை நாள் விட்டவ?" என்று மகள் கேட்டா. பேரன் பையை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, அன்றைக்குக் கோயிலில் சடங்கு என்றான்.